பெருங்காதும் பெருங்கடனும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டடம் எழுப்பத் துணிந்த எவரும் இதன் உண்மையை அனுபவத்தால் அறிவர். மேஸ்திரியை அருகில் அமர்த்திக்கொண்டு, செங்கல் இவ்வளவு, சிமெண்டு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று தாளில் எழுதிக் கூட்டிய தொகை ஒன்று. பால் காய்ச்சும் நாளில் கையைவிட்டுப் போயிருக்கும் தொகை வேறொன்று. இடையில் கம்பியின் விலை ஏறியிருக்கும். "வந்ததே வந்தோம், மாடிப்படியையும் சேர்த்தே கட்டிவிடலாமே" என்று யாரோ ஒருவர் யோசனை சொல்லியிருப்பார். இறுதியில் வீடு நிற்கும். கடனும் உடன் நிற்கும்.

குடும்பத்தலைவருக்கு நேரும் இத்துன்பம் அரசாங்கங்களுக்கும் நேர்வதுண்டு. அதுவும் மக்களின் வரிப்பணம் உணவுக்கோ மருத்துவத்துக்கோ அன்றி, வானத்து விண்மீன்களை ஆராயும் ஒரு கருவிக்காகச் செலவாகுங்கால், "இது எதற்கு?" என்னும் கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. அக்கேள்வி நியாயமானதே. பசித்த வயிறுகள் உள்ள உலகில் விண்மீன்களுக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடுவோர் அதற்கு விடை கூறியே ஆகவேண்டும். ஆனால் அவ்விடை கருவி கட்டி முடிக்கப்பட்ட அன்றே கிடைத்துவிடுமா? இதைச் சிந்திப்பதற்கு, இங்கிலாந்து நாட்டில் ஜோட்ரல் பாங்க் என்னும் இடத்தில் எழுந்த மாபெரும் வானொலித் தொலைநோக்கியின் வரலாறு நமக்குப் பெரிதும் துணைபுரியும்.

வானத்திலிருந்து வந்த இரைச்சல்

நாம் கண்ணால் காணும் ஒளி, விண்பொருள்கள் அனுப்பும் அலைகளுள் ஒரு சிறு பகுதியே. நம் வீட்டு வானொலிப் பெட்டி வாங்கிக்கொள்வதைப் போன்ற அலைகளையும் அவை ஓயாது அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இவ்வுண்மை தற்செயலாகவே வெளிப்பட்டது. அமெரிக்காவில் தொலைபேசி ஆராய்ச்சிக்கூடமொன்றில் பணியாற்றிய கார்ல் ஜான்ஸ்கி என்பவர், வானொலித் தொடர்பைக் கெடுக்கும் இரைச்சல்கள் எங்கிருந்து எழுகின்றன என்று தேடிக்கொண்டிருந்தார். இடிமின்னலால் எழுந்தவற்றையெல்லாம் நீக்கிய பின்னும், மெல்லிய சீறல் ஒன்று எஞ்சியது. அது நம் பால்வீதி மண்டலத்தின் நடுப்பகுதியிலிருந்து வருகிறது என்று அவர் 1933-ஆம் ஆண்டு அறிவித்தார். அப்போது அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. குரோட் ரீபர் என்னும் இளைஞர் மட்டும் 1937-இல் தம் வீட்டுத் தோட்டத்தில், தம் சொந்தச் செலவில், கிண்ண வடிவக் கருவியொன்றை அமைத்து அவ்வலைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்.

இத்தகைய கருவி மிகப் பெரிதாக இருந்தாலன்றிப் பயன்படாது. காரணங்கள் இரண்டு. முதலாவது, தொலைவிலிருந்து வரும் அலைகள் அளவிட முடியாத அளவுக்கு நலிந்தவை. பெருமழையைச் சிறு பாத்திரத்திலும் பிடிக்கலாம். தூறலைப் பிடிக்க அகன்ற அண்டா வேண்டும். இரண்டாவது, வானொலி அலைகள் ஒளியலைகளைவிடப் பன்மடங்கு நீளமானவை. ஆகவே சிறிய கிண்ணத்தால் பார்த்தால், இந்த விண்மீன் எது, அதன் பக்கத்திலிருப்பது எது என்று பிரித்தறிய இயலாது. 250 அடி அகலமுள்ள கிண்ணங்கூட, ஒரு மீட்டர் நீள அலைகளைக் கொண்டு பார்க்கும்போது, முழுநிலவின் அகலத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்குப் பரப்பை ஒரே புள்ளியாகத்தான் காணும். இவ்விரண்டையும் நினைவிற்கொண்டால், விஞ்ஞானிகள் பெரிய கருவி வேண்டும் என்று மன்றாடியது ஆடம்பரத்தினால் அன்று என்பது விளங்கும்.

தாவரத் தோட்டத்தில் ஒரு தொடக்கம்

பெர்னார்டு லவல் 1913-இல் பிறந்தவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிளாக்கெட் என்னும் பேரறிஞரின் கீழ் அண்டக் கதிர்களை ஆராய்ந்துவந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, விமானங்களில் பொருத்தப்படும் ராடார் கருவிகளை உருவாக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டார். போர் முடிந்ததும், படையினர் பயன்படுத்தி மிஞ்சிய ராடார் கருவிகள் சிலவற்றைப் பெற்று, விட்ட ஆராய்ச்சியை மீண்டும் தொடங்க முயன்றார். மான்செஸ்டர் நகரத்து மின்சார டிராம் வண்டிகள் எழுப்பிய மின் இரைச்சலோ அவரது கருவிகளைச் செயலற்றவையாக்கிற்று. ஆகவே 1945 டிசம்பரில், நகருக்குத் தெற்கே சுமார் 20 மைல் தொலைவில், பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்குச் சொந்தமான தோட்டத்துக்கு அவற்றைக் கொண்டுசென்றார். அவ்விடமே ஜோட்ரல் பாங்க்.

அங்கே அவர் தேடியது அண்டக் கதிர்களின் எதிரொலி. கிடைத்ததோ எரிநட்சத்திரங்களின் எதிரொலி. தேடிய பொருள் வேறாகவும் கண்டெடுத்த பொருள் வேறாகவும் அமைந்த இந்நிகழ்ச்சி, அவ்விடத்தின் வரலாறு முழுவதற்கும் ஒரு முன்னுரை போன்றது.

1947-இல் லவலும் அவருடைய தோழர்களும் கம்பங்களை நட்டு, கம்பிகளைப் பின்னி, 218 அடி அகலமுள்ள கிண்ணமொன்றைத் தரையிலேயே அமைத்தனர். 1950-இல் இக்கருவியைக் கொண்டு, சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்திலிருந்தும் வானொலி அலைகள் வருகின்றன என்று ஹான்பரி பிரவுன், சிரில் ஹசார்டு ஆகிய இருவரும் மெய்ப்பித்தனர். எனினும் ஒரு பெருங்குறை இருந்தது. தரையில் பதிந்த அக்கிண்ணம் தலைக்கு நேர்மேலே உள்ள வானத்தை மட்டுமே பார்த்தது. எத்திசையிலும் திரும்பவும், எழவும், சாயவும் வல்ல ஒரு கிண்ணம் தேவைப்பட்டது. அதுவும் 250 அடி அகலத்தில்! அத்தகையதொன்றை உலகில் அதுகாறும் எவரும் கட்டியதில்லை. 1949-இல் ஷெப்பீல்டு நகரத்துப் பொறியாளர் சார்லஸ் ஹஸ்பண்டு அதனைக் கட்டித்தர முடியும் என்று துணிந்து முன்வந்தார்.

மதிப்பீடு வளர்ந்த கதை

1952-இல் பணம் ஒதுக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சித் துறையும், நஃபீல்டு அறநிறுவனமும் இணைந்து 3,35,000 பவுண்டு தர இசைந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் வேலை தொடங்கியது. அடித்தளத் தூண்கள் 90 அடி ஆழம்வரை நிலத்தினுள் இறக்கப்பட்டன. கருவி முழுவதும் சுழல்வதற்கென வட்டமான இருப்புப்பாதை ஒன்று இடப்பட்டது. கிண்ணத்தைச் சாய்த்து நிமிர்த்தும் பற்சக்கரங்களுக்குப் புதிதாகச் செலவிடாமல், 'ராயல் சாவரின்', 'ரிவெஞ்சு' என்னும் பழைய போர்க்கப்பல்களை உடைத்தபோது, அவற்றின் பீரங்கி மேடைகளைச் சுழற்றிய இயந்திர உறுப்புகளையே மலிவாக வாங்கிப் பொருத்தினர். அழிவுக்கெனச் செய்யப்பட்ட சக்கரங்கள் அறிவுப்பணிக்குத் திரும்பின. சிக்கனம் பேணப்படாமலில்லை என்பதற்கு இதுவே சான்று.

இருந்தும் செலவு ஏன் மிகுந்தது? முதற்காரணம் எஃகின் விலை. கட்டுமானம் நடந்த ஆண்டுகளில் அது விரைந்து ஏறிற்று. 'எஃகு மலை' எனத்தக்க ஒன்றைக் கட்டுவோர்க்கு அந்த ஏற்றம் எத்தகைய அடி என்பதை விளக்க வேண்டியதில்லை. முடிவுற்ற கருவியின் எடை 3,200 டன் என்றால் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் விஞ்ஞானத்தின் வளர்ச்சியே. கிண்ணத்தின் உட்பரப்பைக் கம்பிவலையால் அமைப்பதே முதல் திட்டம். ஒரு மீட்டருக்கு மேற்பட்ட நீள அலைகளுக்கு அது போதும். ஆனால் 1951-இல், வானவெளியெங்கும் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையை வெளிவிடுகிறது என்று அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. நம் பால்வீதி மண்டலத்தின் வடிவத்தையே வரைந்து காட்டவல்ல அலை அது. மாவு சலிக்கும் சல்லடையில் கப்பி நிற்கும், மாவு இறங்கிவிடும் அன்றோ? அதுபோல, கம்பிவலையின் கண்கள் வழியே குற்றலைகள் நழுவிப் போய்விடும். ஆகவே வலைக்குப் பதிலாக எஃகுத் தகடு வேய வேண்டியதாயிற்று. தகட்டின் எடையைத் தாங்கத் தூண்கள் வலுக்க வேண்டும். தகட்டின்மேல் மோதும் காற்றைத் தாங்க அவை மேலும் வலுக்க வேண்டும். ஒன்று மாற, அனைத்தும் மாறின.

இதனிடையே மற்றொன்றும் நிகழ்ந்தது. 1954-இல் விமானப்படை அமைச்சகத்தார் இக்கருவியில் ஆர்வம் காட்டினர். இன்னும் நுண்ணிய அலைகளுக்கும் ஏற்றவாறு கிண்ணத்தைச் செப்பமாக்கினால் தங்களுக்கும் பயன்படும் என்ற பேச்சு எழுந்தது. பேச்சை நம்பி வரைபடங்கள் திருத்தப்பட்டன. பணமோ இறுதிவரை வரவேயில்லை. அதற்குள் திட்டம் பின்வாங்க இயலாத நிலையை எட்டிவிட்டது. மாடிப்படி யோசனை சொன்ன உறவினர், கொத்தனாருக்குக் கூலி கொடுக்கும் நாளில் ஊரில் இல்லாமற்போவது போன்றதே இது.

அரசு தன் பங்கைப் பன்முறை உயர்த்தியது. அவ்வளவும் போதவில்லை. முடிவில் மொத்தச் செலவு சுமார் 7,00,000 பவுண்டு. அதாவது முதலில் ஒப்புக்கொண்டதைப் போல் இருமடங்குக்கும் மேல்.

கணக்குக் கேட்டவர்கள்

மக்கள் பணத்துக்குக் காவலராகப் பல பாராளுமன்றங்களில் பொதுக் கணக்குக் குழு ஒன்று உண்டு. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் அக்குழு 1957-இல் ஜோட்ரல் பாங்க் திட்டம் நடத்தப்பட்ட முறையைக் கடிந்துரைத்தது. மதிப்பீட்டை மீறிய செலவு, முறையான முன்னனுமதியின்றி நிகழ்ந்த மாறுதல்கள் ஆகியவை குற்றங்களாக எடுத்துக்காட்டப்பட்டன. பொறியாளர்க்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே மனக்கசப்பு மூண்டது. வழக்கு மன்றம்வரை செல்லுமோ என்ற நிலை. லவலுக்கு அப்போது வயது 44. மனைவியும் ஐந்து மக்களும் உள்ள குடும்பம். சிறைவாசம் நேரிடுமோ என்ற அச்சங்கூட அந்நாளில் தம்மை வாட்டியதுண்டு என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இவ்விடத்தில் நாம் யார்பக்கம் நிற்பது? விஞ்ஞானியின்பால் இரக்கம் எழுவது இயல்பு. ஆயினும் அக்குழுவினர் செய்ததும் தவறன்று. அப்பணம் அவர்களுடையதன்று; லவலுடையதுமன்று. போரின் இழப்பிலிருந்து மெல்லத் தலைதூக்கிக்கொண்டிருந்த ஒரு நாட்டின் தொழிலாளரும் குடும்பத்தாரும் வரியாகச் செலுத்தியது. உணவுப் பங்கீட்டு முறை அந்நாட்டில் முற்றிலும் நீங்கியதே 1954-இல்தான். அத்தகைய மக்களின் சார்பில் கணக்குக் கேட்பவர் எவரும் இல்லையெனில், உயர்ந்த நோக்கம் என்ற திரையின் பின்னே எத்தனை ஊதாரித்தனங்கள் ஒளிந்துகொள்ளும்! "நல்ல காரியத்துக்குத்தானே செலவழித்தோம்" என்னும் சொல் கணக்கேடு ஆகிவிடாது.

எனினும் கணக்குக் கேட்டோர் கையில் இருந்த ஏட்டில் ஒரு பக்கமே நிரம்பியிருந்தது. செலவு என்னும் பக்கம் அது. வரவு என்னும் பக்கத்தில் எழுத அன்று ஒன்றுமில்லை. கருவி அந்த ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள்தான் முதன்முதலாகப் பால்வீதியின் அலைகளை வாங்கிப் பதிவு செய்தது. பிறந்த குழந்தையிடம் சம்பாத்தியம் எவ்வளவு என்று கேட்க முடியுமா?

அக்டோபர் 4

அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் ரஷ்யா 'ஸ்புட்னிக்' என்னும் முதல் செயற்கைத் துணைக்கோளை வானில் ஏவி உலகைத் திகைக்க வைத்தது. ஸ்புட்னிக் அனுப்பிய 'பீப் பீப்' ஒலியைச் சாதாரண வானொலி ஆர்வலர்களும் கேட்டனர். ஆனால் அதனைச் சுமந்து சென்ற ராக்கெட்டு ஒலி எதுவும் எழுப்பாமல் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அது கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையே என்பதால், மேனாட்டு அரசுகளின் கவலையெல்லாம் அதன்மேல் குவிந்தது. ராடார் அலையை அனுப்பி எதிரொலியைக் கொண்டு அந்த ராக்கெட்டைக் கண்டறியக்கூடிய கருவி மேனாடுகளில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழிச்சொல்லுக்கு ஆளாகி, இன்னும் முழுமையாக இயக்கப்படாமலே நின்ற ஜோட்ரல் பாங்கின் கிண்ணமே அது!

லவலும் உடனுழைத்தோரும் இரவுபகல் பாராது கம்பிகளை இணைத்தனர். அக்டோபர் 9-இல் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே கருவி முதன்முறையாக இயக்கப்பட்டது. 12-ஆம் நாள் நள்ளிரவு நெருங்கும் வேளையில் ராக்கெட்டின் எதிரொலி திரையில் தோன்றியது. சில வாரங்களுக்குமுன் வீண்செலவின் சின்னமாகக் காட்டப்பட்டது, இப்போது நாட்டின் பெருமையாகப் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் இடம்பெற்றது.

அதன்பின் 1959 செப்டம்பரில், ரஷ்யாவின் 'லூனா 2' சந்திரனில் போய் மோதியது உண்மையா என்று உலகம் ஐயுற்றபோது, அதன் வானொலி அலையில் நேர்ந்த மாற்றங்களை அளந்து அது மெய்யே என்று நிறுவியது ஜோட்ரல் பாங்க். 1960 மார்ச்சில் அமெரிக்கா 'பயனியர் 5' என்ற கலத்தைச் சூரியனைச் சுற்றும் பாதைக்கு அனுப்பியபோது, ராக்கெட்டிலிருந்து அதனை விடுவிக்கும் கட்டளை அங்கிருந்தே சென்றது. பகைமை பூண்ட இரு வல்லரசுகளின் கலங்களுக்கும் ஒரே காது செவிசாய்த்தது.

இவ்வளவும் நடந்த பின்னரும் 50,000 பவுண்டு கடன் எஞ்சியே நின்றது. அதனைத் தீர்த்தவர் நஃபீல்டு பிரபு. இளமையில் பள்ளிப்படிப்பை விட்டுச் சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலில் புகுந்து, பின்னர் மோட்டார் வண்டித் தொழிலில் பெருஞ்செல்வராகி, 1943-இல் தம் பெயரால் அறநிறுவனம் கண்டவர் அவர். 1960 மே 25-ஆம் நாள், அவரும் அவரது அறநிறுவனமும் சேர்ந்து அக்கடனை அடைத்தனர். ஆய்வுக்கூடத்துக்கு நஃபீல்டு வானொலி விண்ணியல் ஆய்வுக்கூடம் என்ற பெயர் சூட்டப்பட்டது. மறு ஆண்டு லவலுக்கு 'சர்' பட்டம் அளிக்கப்பட்டது.

எதற்காகக் கட்டினார்களோ அது

இக்கதையைச் சொல்வோர் பலர் இவ்விடத்தோடு நிறுத்திவிடுவர். அவ்வாறு நிறுத்தினால் தவறான பாடமே கிடைக்கும். ராக்கெட்டுகளைத் தேடுவதற்காக அக்கருவி கட்டப்படவில்லை. அது அதன் பணிக்காலத்தில் ஒரு சிறு பகுதியே. பரபரப்பான ஒரு நிகழ்ச்சி கைகொடுத்ததால் கருவி பிழைத்தது. அந்நிகழ்ச்சி நேராதிருந்தால், அதே கருவி அதே தகுதியோடு நின்றிருந்தும் பழியே எஞ்சியிருக்கக்கூடும். ஆகவே அதன் மெய்யான வரவை வேறிடத்தில்தான் தேடவேண்டும்.

வானில் சில வானொலி மூலங்கள் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியவை என்று இக்கருவியைத் தொலைவிலுள்ள சிறு கருவிகளுடன் இணைத்து அளந்தபோது தெரியவந்தது. நெடுந்தொலைவில் பேரொளியுடன் திகழும் குவாசார்கள் 1963-இல் இனங்காணப்படுவதற்கு இவ்வளவீடுகள் வழிகோலின. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவி, கடிகாரம் போல் ஒழுங்காகத் துடிக்கும் பல்சார் விண்மீனைக் கண்டபின், அவ்வகை விண்மீன்களைத் தேடிக் கண்டு, அவற்றின் துடிப்பை இடைவிடாது அளந்துவருவதில் ஜோட்ரல் பாங்க் தலைசிறந்து விளங்குகிறது. தொலைவிலுள்ள பொருளின் ஒளியை இடையிலுள்ள விண்மீன் மண்டலத்தின் ஈர்ப்பு வளைத்து, ஒன்றை இரண்டாகக் காட்டும் என்பது ஐன்ஸ்டைன் கொள்கையால் எதிர்பார்க்கப்பட்ட விளைவு. அதற்கு முதல் சான்று 1979-இல் கிடைத்தது. அதற்கு வழிகாட்டியதும் ஜோட்ரல் பாங்கில் எடுக்கப்பட்ட வானொலி மூலங்களின் பட்டியலே.

கருவி இடையில் பல சோதனைகளையும் கடந்தது. 1970-71-இல் கிண்ணத்துக்குப் புதிய உட்பரப்பு வேயப்பட்டது. 1976 ஜனவரி 2-ஆம் நாள் வீசிய கடும்புயலில் அது சாய்ந்துவிடுமோ என்று அஞ்சும் நிலை ஏற்பட்டது. 1987-இல் அதற்கு லவல் தொலைநோக்கி எனப் பெயரிடப்பட்டது. 2019 ஜூலையில் ஜோட்ரல் பாங்க் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. கடன்பட்டுக் கட்டிய கருவி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக உழைத்துவருகிறது. ஏழு இலட்சத்தை எழுபது ஆண்டுகளுக்குப் பங்கிட்டுப் பார்த்தால் 1957-இல் கணக்கெழுதியவர்களே வியப்புறுவர். பராமரிப்புச் செலவு தனியே உண்டு என்பதையும் மறைத்தலாகாது.

மறுக்கப்பட்ட பணம்

அப்படியாயின் விஞ்ஞானிகள் கேட்ட யாவற்றையும் அரசு தந்துவிட வேண்டுமா? இல்லை என்பதற்கும் அதே ஜோட்ரல் பாங்க் சான்று பகர்கிறது. லவல் அடுத்து 400 அடி அகலக் கிண்ணமொன்றைக் கட்ட விரும்பினார். வேல்ஸ் நாட்டில் மெய்போடு என்னும் இடமும் பார்க்கப்பட்டது. அளவும் சற்றே குறைக்கப்பட்டது. ஆயினும் ஏறிக்கொண்டே போன மதிப்பீட்டைக் கண்டு 1974-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அமெரிக்காவிலும் ஷுகர் குரோவ் என்னும் இடத்தில் கடற்படையினர் தொடங்கிய 600 அடிக் கிண்ணம், பெருந்தொகை செலவான பின்னரும் 1962-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

பணம் மறுக்கப்பட்ட ஜோட்ரல் பாங்க் விஞ்ஞானிகள் கைகட்டி அமர்ந்துவிடவில்லை. ஒரே பெருங்கிண்ணத்துக்குப் பதிலாக, பல மைல்கள் இடைவிட்டு நிற்கும் சிறு கிண்ணங்களை இணைத்து, அவை யாவும் ஒன்றுபோல் இயங்கச் செய்தனர். 'மெர்லின்' எனப் பெயர்பெற்ற அவ்விணைப்பு 217 கிலோமீட்டர் அகலக் கிண்ணத்துக்கு ஒப்பான கூர்மையை அளித்தது. 400 அடிக் கிண்ணத்தால் அக்கூர்மையைக் கனவிலும் எட்டியிருக்க முடியாது. மறுப்பும் சில வேளைகளில் அறிவைத் தீட்டும் சாணைக்கல்லாகிறது.

இம்மெர்லினுக்கும் ஒரு கண்டம் வந்தது. 2008 மார்ச்சில், விஞ்ஞான ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் பிரிட்டிஷ் மன்றம், தன் நிதிநிலையில் விழுந்த 8 கோடி பவுண்டு பள்ளத்தை நிரப்புவதற்காக, அதற்கான உதவியை நிறுத்த எண்ணியது. ஆண்டுக்குச் சுமார் 25 இலட்சம் பவுண்டே அதன் தேவை. பொதுமக்களிடையே பெருங்குரல் எழுந்தது. மறு ஆய்வு நடந்தது. ஜூலை மாதத்தில் உதவி தொடரும் என உறுதியளிக்கப்பட்டது. அப்போது 94 வயதினராயிருந்த லவல், தம் வாழ்நாளில் எத்தனையாவது முறையாக இக்காட்சியைக் கண்டாரோ!

நம் நாட்டுக்கு வந்த வினா

இவ்வினா வெள்ளையர் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உதகமண்டலத்துக்கு அருகில் முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி 1970-ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. வறுமை மிகுந்திருந்த ஒரு நாடு அதற்குப் பணம் ஒதுக்கியது; பணத்தின் அருமையை அறிந்தே கோவிந்த் ஸ்வரூப் அதனை வகுத்தார். மலைச்சரிவின் சாய்வு சுமார் 11 பாகை. அவ்விடத்தின் அட்சரேகையும் 11 பாகையே. ஆகவே கருவியின் நீண்ட அச்சு இயல்பாகவே பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும். விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். எஃகால் செய்யவேண்டியதை மலையைக் கொண்டே செய்துகொண்டார்கள் எனலாம். பின்னர் புனே மாவட்டத்தில் நாராயண்காவ் அருகே, 45 மீட்டர் அகலமுள்ள 30 கிண்ணங்களை மெல்லிய கம்பிவலையால் சிக்கனமாக எழுப்பியதும் அவரே.

இன்று தென்னாப்பிரிக்காவில் 197 கிண்ணங்களும் ஆஸ்திரேலியாவில் 1,31,072 சிறு அலைவாங்கிகளும் கொண்ட மாபெரும் வானொலித் தொலைநோக்கியைப் பல நாடுகள் கூடிக் கட்டிவருகின்றன. அதன் தலைமையகம் அதே ஜோட்ரல் பாங்க். இந்திய அரசு இதில் பங்கேற்க 1,250 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்த செய்தி 2024 ஜனவரியில் வெளியாயிற்று. 1,250 கோடி! எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை மருத்துவமனைகள் என்று நம் மனம் உடனே கணக்கிடத் தொடங்குகிறது. தொடங்கட்டும், அது நல்ல மனம். அக்கணக்கைக் கேட்கும் உரிமை வரி செலுத்தும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு.

கேட்கும்போது மூன்றைச் சேர்த்துக் கேட்போம். முதலில் சொன்ன மதிப்பீடு நேர்மையானதா? விலை மாறும்போதும் திட்டம் மாறும்போதும் மறைக்காமல் மக்களிடம் சொல்கிறார்களா? மாற்றச் சொன்னவர்கள் அதற்குரிய பணத்தையும் தருகிறார்களா? இம்மூன்றுக்கும் உடனே விடை பெறலாம், பெறவேண்டும். நான்காவதாக, "இதனால் என்ன கிடைக்கும்?" என்றும் கேட்கலாம். அதற்கு மட்டும் உடனே விடை வராது. எரிநட்சத்திரம் கிடைக்கும் என்று எண்ணியா லவல் தாவரத் தோட்டத்துக்குப் போனார்? ஏட்டின் வரவுப் பக்கத்தை நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதுவார்கள் என்ற நம்பிக்கையோடு அதனைச் சிறிது காலம் வெறுமையாக விட்டுவைக்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

லவல் தம் முதுமையிலும் ஜோட்ரல் பாங்குக்கு அண்மையிலேயே வாழ்ந்தார், மரங்கள் வளர்த்தார், கிரிக்கெட் ஆட்டத்தை விரும்பிக் கண்டார், அருகிலுள்ள சுவெட்டன்ஹாம் சிற்றூரின் கோயிலில் நெடுங்காலம் ஆர்கன் வாசித்தார். 2012 ஆகஸ்டு 6-ஆம் நாள் தம் 98-ஆம் வயதில் காலமானார். அவர் பட்ட கடன் அதற்கு 52 ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அவர் எழுப்பிய காதோ இன்றும் வானத்தை நோக்கித் திறந்தே இருக்கிறது.